பத்து வருடம் தாண்டிய லைஃப்ராஃப்ட்: சர்வீஸ் ஸ்டேஷன் சொல்லும் கூடுதல் சோதனைகள் தேவைதானா?

அலைவாய்:
அண்ணன்களுக்கு வணக்கம். சரக்குக் கப்பலில் தேர்ட் மேட்டாக (மூன்றாம் அதிகாரி) சேர்ந்திருக்கிறேன், இதுதான் முதல் கப்பல். உயிர்காப்புச் சாதனங்கள் என் பொறுப்பில் வந்திருக்கின்றன. எங்கள் ஸ்டார்போர்டு (வலது) பக்க லைஃப்ராஃப்ட், அதாவது கப்பல் முழுகினால் காற்றடைத்து விரியும் உயிர்காப்பு மிதவை, 25 பேருக்கானது. அதன் 12 மாத சர்வீஸ் தேதி அடுத்த பயணத்தின் நடுவில் முடிகிறது. கேட்டால், "17 மாதம் வரை போகும், கவலைப்படாதே" என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

இன்னொன்று. சர்வீஸ் ஸ்டேஷனுக்கு ராஃப்டின் விவரம் அனுப்பியபோது, தயாரித்துப் பத்து வருடம் ஆகிவிட்டதால் நாப் (கூடுதல் அழுத்தச்) சோதனையும் தளத் தையல் சோதனையும் செய்யவேண்டும், ஐந்து வருட கேஸ் சோதனையும் இந்த முறை சேர்ந்து வருகிறது, கூடுதல் நேரம் ஆகும் என்றார்கள். போன வருட சான்றிதழில் வொர்க்கிங் பிரஷர் சோதனை மட்டும்தான் இருக்கிறது. பில்லை ஏற்றப் பார்க்கிறார்களோ என்று கேப்டனுக்குச் சந்தேகம். உண்மையில் இவை வேண்டுமா? ராஃப்ட் திரும்பி வந்ததும் நான் என்னென்ன பார்க்கவேண்டும்?

கொடிக்கம்பம்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், நான் சீஃப் மேட். தம்பி, 17 மாதம் நமக்குத் தானாகக் கிடைப்பதில்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் மூன்றாம் அத்தியாயம் 20-ஆம் விதிப்படி இடைவெளி 12 மாதம். அதற்குள் செய்ய நடைமுறையில் முடியாத நிலை இருந்தால் கொடி நாட்டு (கப்பல் பதிவான நாடு) நிர்வாகம் 17 மாதம் வரை நீட்டித்துத் தரலாம். தருவது அவர்கள். கேப்டனும் கம்பெனியும் தாங்களாக நீட்டித்துக்கொள்ள முடியாது.

தேதி முடிவதற்கு முன்பே கம்பெனி வழியாக எழுதிக் கேட்கச் சொல். ஏன் முடியவில்லை, அடுத்து எந்தத் துறைமுகத்தில் செய்யப்போகிறீர்கள், இரண்டும் அதில் இருக்கட்டும். வரும் அனுமதிக் கடிதத்தைப் பழைய சான்றிதழோடு சேர்த்து வை. பி.எஸ்.சி. அதிகாரி (துறைமுக நாட்டின் ஆய்வாளர்) டெக்கில் ஏறினால் கேனிஸ்டரில் (ராஃப்டை மடித்து வைத்திருக்கும் கூடு) எழுதியிருக்கும் கடைசி சர்வீஸ் தேதியைத்தான் பார்ப்பார். கடிதம் இல்லையென்றால் அது குறைபாடு, அவ்வளவுதான். எச்.ஆர்.யு.வின் (கப்பல் முழுகினால் தண்ணீர் அழுத்தத்தில் ராஃப்டை விடுவிக்கும் கருவி) தேதியை இதோடு கலக்காதே, அது தனிக் கணக்கு. ஆனால், கிளம்பும் துறைமுகத்திலேயே ஸ்டேஷன் இருந்தால் முன்கூட்டியே செய்துவிடுவதுதான் என் பழக்கம்.

ராஃப்ட்பட்டறை:
நான் சர்வீஸ் ஸ்டேஷனில் வேலை செய்கிறவன். உங்கள் கேப்டனின் சந்தேகம் எனக்குப் புரிகிறது, எங்களிடமும் நிறைய பேர் இதையே கேட்கிறார்கள். ஆனால் அந்த ஸ்டேஷன் சொன்னது சரி. சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் ஏ.761(18) தீர்மானத்திலேயே இந்த அட்டவணை இருக்கிறது. வருடாவருடம் வொர்க்கிங் பிரஷர் சோதனை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கேஸ் சோதனை, பத்து வருடம் ஆனபின் ஒவ்வொரு வருடமும் நாப் சோதனையும் தளத் தையல் சோதனையும். போன வருடம் உங்கள் ராஃப்ட் அந்த வயதைத் தொடவில்லை, அதனால் சான்றிதழில் இல்லை.

ஒவ்வொன்றும் எதைப் பிடிக்கிறது என்று கேப்டனிடம் சொன்னால் அவருக்கும் தெளிவாகும்.

வொர்க்கிங் பிரஷர் சோதனையில் கேஸ் பாட்டிலைத் தொடமாட்டோம். உலர்ந்த காற்றை ஏற்றி, குழாய் அறைகளை வேலை அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்போம். வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் திருத்தம் போட்டபின் இறக்கம் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் சரியாக மூடாத வால்வுகளும் இதில் மாட்டிவிடும். ஆனால் இதில் தேறிய ராஃப்டில் பசை தளர்ந்திருக்கலாம். மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும் மடிப்பு ஒன்று சாதாரண அழுத்தத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அதற்குத்தான் நாப். ரிலீஃப் வால்வுகளை அடைத்துவிட்டு அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவோம். வேலை அழுத்தத்தின் இரண்டு மடங்கு, அல்லது துணிக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்ச இழுவலிமையில் 20 சதவீத இழுப்பைக் கொடுக்கும் அழுத்தம், இவற்றில் எது குறைவோ அதுவரை. அப்புறம் ஐந்து நிமிடம் நிறுத்திவைப்போம். அந்த ஐந்து நிமிடமும் எங்கள் பட்டறையில் யாரும் பேசமாட்டோம், காது கொடுத்துக் கேட்கவேண்டிய சோதனை இது. குழாயில் விரிசல் விடும் சத்தம் கேட்டு, கூடவே அழுத்தமும் இறங்கினால் ராஃப்டைக் கழித்துவிட வேண்டியதுதான். ஒட்டுப்போட்டுத் திருப்பி அனுப்பும் பேச்சே கிடையாது. பத்து வருடம் ஒரே மடிப்பில், வெயிலில் கொதிக்கும் கேனிஸ்டருக்குள் கிடந்த ரப்பர் துணி. கப்பல் முழுகும்போது அதன் பலவீனம் தெரியவருவதைவிட எங்கள் தரையில் தெரியவரட்டும்.

தளத் தையல் சோதனை பார்க்க எளிமையாக இருக்கும். குழாயைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்கி வைத்து, 75 கிலோவுக்குக் குறையாத ஒருவர் தளத்தின் ஓரம் முழுவதும் நடந்தோ தவழ்ந்தோ சுற்றிவருவார். பிறகு தையலைப் பார்ப்போம். குழாய்கள் காற்றோடு நன்றாக இருந்து தளம் மட்டும் பிரிந்தால் உள்ளே இருப்பவர்களின் கால் கடலில் தொங்கும், அதை மறக்கவேண்டாம்.

கேஸ் சோதனையில்தான் உண்மையான பாட்டில், உண்மையான இழுப்பு. தலைப்பகுதி திறக்கிறதா, குழல்கள் தாங்குகின்றனவா, எல்லா அறையும் நிரம்புகிறதா, ரிலீஃப் வால்வு மிச்சத்தை வெளியேற்றிவிட்டு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்ப்போம். புது ராஃப்டுக்கான விதிப்படி 18 முதல் 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு நிமிடத்துக்குள் விரிந்தாக வேண்டும். வழி இருந்தால் இதற்கு மட்டுமாவது நேரில் வாருங்கள். சொன்னால் பெரும்பாலான ஸ்டேஷன்களில் அனுமதிப்பார்கள். தன் ராஃப்ட் விரிவதை ஒருமுறை பார்த்த மாலுமி அதை வேறு மாதிரி கவனித்துக்கொள்கிறார், நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது.

திரும்பி வந்ததும் கேனிஸ்டரின் சீரியல் எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பேர் எண்ணிக்கை, உள்ளே இருக்கும் அவசரப் பொருள்கள் சோலாஸ் ஏ பேக்கா பி பேக்கா, ராஃப்டைக் கப்பலோடு இணைக்கும் பெயிண்டர் கயிற்றின் நீளம், வைக்கக்கூடிய அதிகபட்ச உயரம், சர்வீஸ் தேதி எல்லாம் வெளியிலேயே எழுதியிருக்கும். பேக் மாறி வருவது சின்ன விஷயம் அல்ல. ஏ பேக்கில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் உண்டு, உணவு உண்டு, பாராசூட் ராக்கெட் நான்கு, கைத்தீப்பந்தம் ஆறு, புகைக்குறி இரண்டு. பி பேக்கில் தண்ணீரும் உணவும் கிடையாது, குறிகளும் பாதிதான். அடுத்த சர்வீஸுக்குள் காலாவதியாகும் பொருள்களை மாற்றினார்களா என்று சான்றிதழோடு வரும் பட்டியலில் பாருங்கள். ராஃப்டை இறக்குவதற்கு முன்பே, அந்தத் தயாரிப்பாளரின் ராஃப்டுக்கு அந்த ஸ்டேஷனுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

அலைவாய்:
மிக்க நன்றி அண்ணா. இதை அப்படியே கேப்டனிடம் காட்டினேன், செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு சந்தேகம். மோசமான வானிலையில் கிரேடிலில் (ராஃப்டை வைக்கும் தாங்கி) ராஃப்ட் ஆடுகிறது, அதனால் கூடுதலாக ஒரு கயிறு போட்டுக் கட்டலாம் என்கிறார் போசன் (டெக் பணியாளர்களின் தலைவர்). கட்டலாமா? 30 மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்தால் போதும் என்று ஒரு ராஃப்ட் இருக்கிறதாமே, அது எங்களுக்குப் பொருந்துமா?

ராஃப்ட்பட்டறை:
கட்டவே வேண்டாம். போசன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்த ஒரு கயிறு நாங்கள் பட்டறையில் செய்த எல்லாவற்றையும் வீணாக்கிவிடும்.

கப்பல் முழுகும்போது நடப்பதை அவரோடு நின்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தண்ணீர் அழுத்தத்தில், 4 மீட்டர் ஆழத்துக்குள், எச்.ஆர்.யு. ராஃப்டின் கட்டை விடுவிக்கும். கேனிஸ்டர் மிதந்து மேலே போகும், பெயிண்டர் கயிறு உள்ளிருந்து உருவி வரும். அதன் நுனி வீக் லிங்க்கில் (வேண்டுமென்றே எளிதில் அறும்படி வைத்த இணைப்பு) மாட்டியிருப்பதால் கயிறு முடிந்ததும் இழுப்பு விழுந்து பாட்டில் திறக்கும், ராஃப்ட் விரியும். கப்பல் இன்னும் கீழே போகும்போது வீக் லிங்க் அறுந்து ராஃப்ட் தனியாகும். அது அறுவதற்கு வைத்திருக்கும் அளவு 2.2 கிலோநியூட்டன், 0.4 கூடலாம் குறையலாம். போசன் போடும் கயிறு எச்.ஆர்.யு.வுக்குத் தெரியாது, அது எதை விடுவித்தாலும் ராஃப்ட் கிரேடிலிலேயே கிடக்கும்.

இதே மாதிரி இன்னொரு தப்பு, பெயிண்டரை வீக் லிங்க்கில் மாட்டாமல் நேரே டெக் வளையத்தில் கட்டுவது. 9 முதல் 25 பேர் ராஃப்டின் பெயிண்டர் குறைந்தது 10 கிலோநியூட்டன் தாங்கவேண்டும் என்பது விதி. அவ்வளவு எளிதில் அறாது, விரிந்த ராஃப்டைக் கப்பல் கீழே இழுத்துக்கொண்டு போகும். கிரேடிலில் ராஃப்டை மாட்டிய அன்றே, தயாரிப்பாளரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சரிபாருங்கள். எச்.ஆர்.யு. தூக்கியெறியும் வகை என்றால், மாட்டும்போதே அதன் மேல் மாதமும் வருடமும் குறியுங்கள், அதன் ஆயுள் இரண்டு வருடம்தான்.

ஆடுவது உண்மை என்றால் காரணம் பெரும்பாலும் கட்டின் தளர்வு அல்லது கேனிஸ்டருக்குப் பொருந்தாத கிரேடில். கட்டை இறுக்குங்கள், கிரேடிலைச் சரிசெய்யுங்கள். அப்படியே கேனிஸ்டரின் வடிகால் துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கின்றனவா என்றும் குனிந்து பாருங்கள். புரண்டு வைத்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கிவிடும். பெயிண்ட் அடிக்கும்போது எச்.ஆர்.யு. மேலேயும் அந்தத் துளைகளிலும் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேனிஸ்டரைக் கப்பலில் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் யாருக்கும் வரவேண்டாம்.

30 மாத ராஃப்ட் இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளிக்கென்றே தயாரித்து ஒப்புதல் வாங்கிய வகைக்கும், கொடி நாடு அதை ஏற்றுக்கொண்ட கப்பலுக்கும் மட்டும்தான். சாதாரண ராஃப்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. உங்களுடையது பத்து வருடம் தாண்டியது என்பதால் அடுத்த வருடமும் நாப், தளத் தையல் இரண்டும் வரும், அதற்கான நேரத்தை இப்போதே துறைமுகத் திட்டத்தில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.