ஏஓடிவியில் பொய்க்கணு: சாவியை எப்படிப் பகிர்வது?

அண்ணாமார், அக்காமார், ஓர் உதவி. மண்சரிவில் டவர் செயலிழந்தால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் போன்களே செய்தியைக் கடத்த வேண்டும், இதுதான் என் இறுதியாண்டு புரொஜெக்ட். 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த பதுளைக்காரனுக்கு வேறு தலைப்பா தோன்றும்?

என்எஸ்-3 என்ற வலையமைப்பு சிமியுலேட்டரில் ஏஓடிவி (AODV, தேவைப்படும்போது கருவிக்குக் கருவி பாதை தேடும் நெறிமுறை) ஓடுகிறது. ஆனால் ஒரு பொய்க்கணு, அதாவது வலையமைப்பில் புகுந்த ஏமாற்றுக் கருவி, பாதை எவ்வளவு புதியது என்று காட்டும் வரிசை எண்ணைப் பெரிதாகப் போட்டு, "புதிய பாதை என்னிடம் இருக்கிறது" என்று பதில் அனுப்பினால் போதும். செய்திப் பொதிகள் எல்லாம் அங்கே போய் மாயமாகின்றன. ஏஓடிவியின் பாதுகாப்பான வடிவமான எஸ்ஏஓடிவி (SAODV) டிஜிட்டல் கையொப்பம் கேட்கும், ஹொப் எண்ணிக்கையை (வழியில் எத்தனை தாவல் என்பதை) ஹாஷ் சங்கிலியால் (பின்னோக்கிக் கணிக்க முடியாத எண் தொடரால்) காக்கும், சரி. சிக்னலே இல்லாத தோட்டத்தில், அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை யார் கொடுப்பது? முன்கூட்டியே போன்களில் ஏற்றிவிடலாமா? பழைய போன் பற்றரி தாங்குமா?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கோட் இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை சுப்பர்வைசரிடம் காட்ட வேண்டும்.