புதுப்பிப்பு: தங்கை விவாகரத்து மனு போட்டாச்சு

தங்கையும் மாப்பிள்ளையும் பேசிப் பிரிகிறார்கள், ஆறு மாதம் காத்தே ஆகணுமா, பையனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி ஒரு வருஷம் பிரிந்திருந்தால்தான் பரஸ்பர சம்மத மனுவே போட முடியும். மனு போட்ட பிறகு காத்திருக்க வேண்டிய ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் மனு போடும்போதே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்கணும், ஜீவனாம்சம், குழந்தை விஷயம் எல்லாம் தீர்ந்திருக்கணும். இவர்கள் பிரிந்து இரண்டு வருஷத்துக்கு மேல், அதனால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டிருக்கிறோம்.

மனுவில் பையனைப் பற்றி "அப்பா எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்றிருந்த வரியை வக்கீலம்மா அடித்துவிட்டார். நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் அந்த வரியால் யாருக்கும் பிரயோஜனமில்லையாம். இப்போது இருப்பது: சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 6 வரை, எங்கள் அப்பா வீட்டு வாசலில் ஒப்படைப்பு, கோடை விடுமுறையில் பாதி, பொங்கல் ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. இதைப் படித்த பிறகுதான் மாப்பிள்ளை முகத்தில் தெளிவு வந்தது.

தங்கை "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள். தனக்கு வேண்டாம் என்று சொல்லலாம். பையனுடைய பராமரிப்பு உரிமையை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. அதையும் ஸ்கூல் ஃபீஸையும் தனியாக எழுதியாச்சு.