வாளையாறு பக்கம் இ-லாரி சார்ஜிங்: நாலு 240 கிலோவாட் சார்ஜருக்கு 1000 கேவிஏ ட்ரான்ஸ்பார்மர் போதுமா?

கஞ்சிக்கோட்டுக்காரன்:
கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாற்றுக்கும் நடுவுல, என்.எச். 544 ஓரமா இடம். கோவை–வல்லார்பாடம் (கொச்சி துறைமுகம்) கன்டெய்னர் லாரிகளுக்காக 240 கிலோவாட் சார்ஜர் நாலு. ராத்திரி 8 மணி நேரத்துல 16 வண்டி, வண்டிக்கு 200 யூனிட். 11 கேவி லைன் வாசல்லயே போகுது. ராபிட்னு சொல்ற மெல்லிசான அலுமினியக் கம்பி, சப்ஸ்டேஷன் 8 கி.மீ. சார்ஜர் விக்கிறவங்க 1000 கேவிஏ (ட்ரான்ஸ்பார்மர் தாங்குற அளவு, இங்க கிலோவாட்டுக்கு ஏறக்குறைய சமம்) ட்ரான்ஸ்பார்மர், கூடவே பவர் ஃபேக்டரைத் திருத்துற 500 கேவிஏஆர் கெப்பாசிட்டர் பேனல்னு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. பின்னாடி 12 சார்ஜர் வரைக்கும் போகணும். சரியாங்க?

ஜம்பர்கட்டு:
960 கிலோவாட் வெளியே போகணும்னா, 95 சதவீத எஃபிஷியன்சிக்கு உள்ளே 1010 இழுக்கும். விளக்கு, ஆபீஸ் ஏசி, பம்ப் எல்லாம் சேர்த்தா 1050 கேவிஏ. நாலும் முழுசா ஓடணும்னா 1250 கேவிஏ போடுங்க.

ஆனா இடிக்கப்போறது ட்ரான்ஸ்பார்மர் இல்ல, லைன். 11 கேவியில 1050 கேவிஏ-ங்கிறது 55 ஆம்பியர்தான், ராபிட் அதை அலட்டிக்காம தாங்கும். வோல்டேஜ்தான் நிக்காது. சூடான ராபிட் கி.மீ.க்கு சுமார் 0.65 ஓம். 1.732 × 55 × 0.65 × 8 = 495 வோல்ட். உங்க லோடு மட்டுமே 4.5 சதவீதத்தை விழுங்கிடும். அந்த ஃபீடர்ல (சப்ஸ்டேஷன்ல இருந்து வர்ற லைன்ல) ஏற்கெனவே இருக்கிற கம்பெனிகளும் வீடுகளும் இழுக்கிறது இதுக்கு மேல. அதனால மின் வாரிய செக்‌ஷன் ஆபீஸ்ல "ட்ரான்ஸ்பார்மர் கிடைக்குமா"ன்னு கேக்காதீங்க. ஃபீடரோட உச்ச ஆம்பியர், சாயங்காலம் 6–10 மணி கடைசி முனை வோல்டேஜ், இந்த ரெண்டையும் எழுதி வாங்குங்க. அதைவிடத் தடிமனான டாக் கம்பிக்கு மாத்தினா ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய பாதியாகும். அதுக்கும் தனி ஃபீடருக்கும் எஸ்டிமேட் சேர்த்தே கேளுங்க.

12 சார்ஜர்னா 3000 கேவிஏ-வைத் தாண்டும். கேரள சப்ளை கோடுல 11 கேவிக்கு அதுதான் எல்லை. இப்பவே 11 கேவியைவிடப் பெரிய வோல்டேஜ் ட்ரான்ஸ்பார்மர் யார்டுக்கு இடம் ஒதுக்கி வைங்க.

ஆம்பியர்_அளவு:
1250 எதுக்கு? 16 × 200 = 3200 யூனிட். 8 மணி நேரத்துக்குப் பிரிச்சா 400 கிலோவாட், இழப்பு சேர்த்து 420. லோடு மேனேஜ்மென்ட் (சார்ஜர்களுக்குள்ள கரன்ட்டைப் பங்கு போடுறது) இருந்தா ராத்திரி வேலைக்கு 500 கேவிஏ கான்ட்ராக்ட் டிமாண்டே (வாரியத்தோட ஒப்பந்தம் போடுற உச்ச லோடு) போதும். ஜம்பர்கட்டு சொன்ன வீழ்ச்சியும் 2 சதவீதத்துக்கு இறங்கிடும், கம்பி மாத்துற பேச்சே வராம போகலாம்.

ரெண்டு இடத்துல ஏமாறுவாங்க. ஒண்ணு, பலகையில 240-ன்னு இருக்கும். கூலன்ட் ஓடாத சிசிஎஸ்-2 கன்ல (வண்டியில சொருகுற சார்ஜிங் ப்ளக்ல) பல மாடல்ல 250 ஆம்பியர்தான் வரும். வண்டி பேட்டரி 600 வோல்ட்னா 150 கிலோவாட், அவ்வளவுதான். வாங்குறதுக்கு முன்னாடி பேட்டரி பேக் வோல்டேஜ், கன் ஆம்பியர், ஒரு வண்டிக்கு ரெண்டு கன் போடலாமா, இந்த மூணையும் கேளுங்க. இன்னொண்ணு, லிமிட்டை க்ளவுட்ல மட்டும் வைக்கிறது. நெட் போனா சார்ஜர் தன் டிஃபால்ட்டுக்குத் திரும்பும். அது 240-ஆ இருந்தா நாலும் ஒரே நேரத்துல பாயும், அந்த மாசம் எம்.டி. (மீட்டர்ல பதியுற உச்ச டிமாண்ட்) எகிறும். லோக்கல் கன்ட்ரோலர் வைங்க, டிஃபால்ட்டை 110 கிலோவாட்டுக்கு இறக்குங்க.

கஞ்சிக்கோட்டுக்காரன்:
பகல்ல அவசரத்துக்கு ரெண்டு வண்டியை முழு வேகத்துல ஏத்தணுமே? கெப்பாசிட்டர் பேனல் பத்தி யாரும் சொல்லலியே. தமிழ்நாட்டுப் பக்கத்துல இருந்து கேபிள் இழுத்துக்கலாமா?

ஜம்பர்கட்டு:
கேபிள் ஆசையை விடுங்க. இடம் கேரளாவுல இருந்தா, அந்த ஏரியா லைசென்ஸ் யார்கிட்ட இருக்கோ (பெரும்பாலும் கேஎஸ்இபி, அதாவது கேரள மின் வாரியம்) அவங்கதான் சப்ளை.

பகல்ல ரெண்டு 240-ம் சேர்ந்தா 510 கேவிஏ, அதுக்கு மேல ஆபீஸ் லோடு. கான்ட்ராக்ட் டிமாண்டை 600-ஆ வைங்க. 500-னு ஒட்டி எடுத்துட்டு அபராதம் கட்டாதீங்க. ட்ரான்ஸ்பார்மர் மட்டும் 1250-யே இருக்கட்டும், டிமாண்டை அப்புறம் ஏத்திக்கலாம். 2024 மத்திய இ.வி. சார்ஜிங் வழிகாட்டுதல்ல கரன்ட் ரேட் காலை 9–மாலை 4 சராசரி சப்ளை செலவுல 0.7 மடங்கு, மத்த நேரம் 1.3 மடங்கு. உங்க ராத்திரித் திட்டம் விலை கூடின பக்கம் நிக்குது. கேரள மின்சார ஒழுங்குமுறை கமிஷனோட டாரிஃப் ஆர்டரை வச்சு ஒரு தடவை கணக்குப் போடுங்க.

டீட்யூன்டு:
கெப்பாசிட்டரை அடிச்சிடுங்க. ஆக்டிவ் ஃப்ரன்ட் எண்ட் சார்ஜர் (இழுக்கிற கரன்ட்டைத் தானே சீராக்கிக்கிற வகை) 0.99 பவர் ஃபேக்டர்ல ஓடும், திருத்த எதுவும் இல்ல. வண்டி இல்லாத நேரம் அந்த 500 கேவிஏஆர் ஆன்லயே கிடந்தா பவர் ஃபேக்டரை எதிர்ப்பக்கம் தள்ளி லீடிங் ஆக்கும். இன்னும் மோசம்: 1250 கேவிஏ, 5 சதவீத இம்பீடன்ஸ்னா ஷார்ட் சர்க்யூட் 25 எம்விஏ. 25,000-ஐ 500-ஆல வகுத்து வர்க்கமூலம் எடுங்க, 7.07. கெப்பாசிட்டரும் ட்ரான்ஸ்பார்மரும் ஒத்ததிர்ற இடம் ஏழாவது ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸோட ஏழு மடங்கு) மேலயே போய் உக்காருது. கெப்பாசிட்டர் உப்பும், ஃப்யூஸ் போகும், காரணம் புரியாம சார்ஜரைத் திட்டுவீங்க. பேனல் வேணும்னே ஆகணும்னா, இந்த அதிர்வைத் தள்ளி வைக்கிற 7 சதவீத ரியாக்டரோட கேளுங்க.

ஜூன் வந்தா பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல கம்பி உரசி லைன் ட்ரிப் ஆகி சில நொடியில திரும்பும். ஏசிபி-யோட (மெயின் பிரேக்கர்) அண்டர்வோல்டேஜ் ரிலேக்கு 2–3 நொடி டிலே குடுங்க. கன்ட்ரோலருக்கும் ரூட்டருக்கும் யுபிஎஸ். கரன்ட் வந்ததும் நாலு சார்ஜரும் 30 நொடி இடைவெளியில தானா தொடரணும். இல்லேன்னா கேபின்ல தூங்குற டிரைவர் காலையில பாதி பேட்டரியோடதான் எழுந்திருப்பார்.