சி டிரைவில் 6.3 ஜிபி அளவில் ஒரு மறைந்த கோப்பு: திறக்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை

வாசுகி_தஞ்சை
வணக்கம். எங்கள் வீட்டுக் கணினியில் இடம் போதவில்லை என்ற எச்சரிக்கை சில நாட்களாக வந்துகொண்டே இருக்கிறது. எது நிறைத்திருக்கிறது என்று பார்ப்பதற்காக மறைந்த கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றினேன். அப்போது எங்கள் வீட்டில் யாருமே உருவாக்காத, 6.3 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பு மங்கலாகத் தெரிந்தது. திறக்க முயன்றால் திறக்கவில்லை. அழிக்க முயன்றால், வேறொரு நிரல் அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பதாகச் செய்தி வருகிறது. நாங்கள் தொடாமலேயே அதன் தேதி மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது. இது வைரஸா? மகளுக்கு நாளை இணையவழித் தேர்வு இருப்பதால் விரைவில் பதில் தேவை.

பொறுமைசாலி
அம்மா, முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்: அந்தக் கோப்பின் பெயர் என்ன? சி டிரைவைத் திறந்தவுடனேயே தெரிகிறதா, அல்லது ஏதேனும் ஒரு கோப்புறைக்குள் இருக்கிறதா? விண்டோஸின் எந்தப் பதிப்பு, மேசைக் கணினியா மடிக்கணினியா என்பதையும் தெரிவித்தால், ஊகிக்காமல் பதில் சொல்லலாம்.

சுத்தம்_சோறு_போடும்
திறக்க முடியாது, அழிக்க முடியாது, தேதி தானாக மாறுகிறது என்னும் மூன்றும் சேர்ந்தால் எனக்கு வேறு விளக்கம் தேவையில்லை. உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். சேஃப் மோடில் கணினியைத் தொடங்கி முழுமையான வைரஸ் சோதனை நடத்துங்கள். பென் டிரைவ் வழியாக வரும் ஷார்ட்கட் வைரஸ்கள் தங்களை இப்படித்தான் மறைத்துக்கொள்கின்றன.

ஈரோடு_இளங்கோ
வைரஸ் எதுவும் 6 ஜிபி அளவுக்கு ஊதிப்போய் நிற்காது. மறைந்திருக்க விரும்பும் ஒன்று இவ்வளவு இடத்தைப் பிடித்துக் கண்ணில் படுமா? இது பேஜ்ஃபைல்.சிஸ் என்பதில் எனக்கு ஐயமில்லை. ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் மெய்நிகர் நினைவகம் அது. சிஸ்டம் அமைப்புகளுக்குள் சென்று அதன் அளவைக் குறைத்துவிடுங்கள்.

கணினிக்_கடம்பன்
பெயரையே சொல்லாத ஒரு கோப்புக்கு ஒருவர் நோய் கண்டுபிடித்துவிட்டார், இன்னொருவர் மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துபோன ஒன்றுதான். கேட்பதற்கு முன் கோப்பின் பெயரை அப்படியே ஒரு தேடுபொறியில் இட்டிருந்தால் முதல் பக்கத்திலேயே விடை கிடைத்திருக்கும். இயங்குதளம் எதையாவது மறைத்து வைத்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்ற அடிப்படைப் புரிதல்கூட இல்லாதவர்கள் அந்த அமைப்பைத் தொடாமலிருப்பதே நல்லது.

பொறுமைசாலி
கடம்பன் ஐயா, இடம் நிறைந்துபோன கணினியில் எது நிறைத்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. அவர் பெயரைச் சொல்லட்டும்.

வாசுகி_தஞ்சை
பெயர் ஹைபர்ஃபில்.சிஸ். சி டிரைவைத் திறந்தவுடனேயே தெரிகிறது. மேசைக் கணினி, விண்டோஸ் 10. சி டிரைவின் மொத்த அளவு 111 ஜிபி, அதில் மீதம் 4 ஜிபிக்கும் குறைவு. அதன் அருகிலேயே சிஸ் என்று முடியும் இன்னும் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. டெஸ்க்டாப்பிலும் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் புதிதாக முளைத்திருப்பதைப் பார்த்தபோதுதான் பயம் அதிகமானது.

பொறுமைசாலி
இப்போது தெளிவாகிவிட்டது, மகளின் தேர்வைப் பற்றிக் கவலைப்படாமல் இருங்கள். இது வைரஸ் அல்ல, பேஜ்ஃபைலும் அல்ல.

முதலில் டெஸ்க்டாப்பில் முளைத்த அந்த இரண்டையும் பார்த்துவிடுவோம். நாம் காணும் டெஸ்க்டாப் என்பது உண்மையில் இரண்டு கோப்புறைகளின் சேர்க்கை: ஒன்று உங்கள் பயனர் கணக்குக்கு உரியது, மற்றொன்று எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது. இரண்டிலும் தோற்ற விவரங்களைக் குறித்துவைக்கும் சிறு கோப்பு ஒவ்வொன்று இருப்பதால்தான் ஒரே பெயர் இரண்டு முறை தெரிகிறது. மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்போடு, அதற்குக் கீழே உள்ள 'பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை' என்ற தேர்வையும் நீங்கள் நீக்கியிருக்கிறீர்கள். அவை எப்போதும் அங்கேயேதான் இருந்தன.

ஹைபர்ஃபில்.சிஸ் என்பது ஹைபர்னேஷனுக்காக விண்டோஸ் ஒதுக்கி வைக்கும் கோப்பு. ரேமில் உள்ளவற்றை வட்டில் எழுதிவைத்துவிட்டு மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தி, மறுபடி இயக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான ஏற்பாடு அது. விண்டோஸ் 10 வழக்கமாக ரேமின் அளவில் 40 விழுக்காட்டை இதற்கென்று ஒதுக்குகிறது. 6.3 ஜிபி என்று நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், உங்கள் கணினியில் 16 ஜிபி ரேம் இருக்க வேண்டும். அதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். கணக்கு பொருந்தினால் இந்தக் கோப்பு தன் பெயருக்கு உரிய கோப்புதான் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. அருகில் இருப்பவை பேஜ்ஃபைல்.சிஸ், ஸ்வாப்ஃபைல்.சிஸ் ஆகியவையாக இருக்கும். அவற்றைத் தொடவேண்டாம்.

வாசுகி_தஞ்சை
ஆமாம், 16 ஜிபிதான். அந்த இரண்டு பெயர்களும் சரி. ஆனால் நாங்கள் ஒருநாளும் ஹைபர்னேட் செய்ததில்லை. ஷட் டவுன் பட்டியலில் அப்படி ஒரு தேர்வே இல்லை. பிறகு எதற்கு இந்தக் கோப்பு, தேதி ஏன் மாறுகிறது?

கணினிக்_கடம்பன்
2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதிதான் காரணம். நீங்கள் ஷட் டவுன் கொடுக்கும்போது உங்கள் நிரல்களும் பயனர் அமர்வும் மூடப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் இயங்குதளத்தின் கருவகமும் (கெர்னல்) வன்பொருள்களை இயக்கும் டிரைவர் நிரல்களும் இருந்த நிலை அப்படியே இந்தக் கோப்பில் எழுதப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்து ஏற்றப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஐயமிருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று சிபியுவைத் தேர்ந்தெடுத்து, அங்கே 'அப் டைம்' என்பதைப் பாருங்கள். தினமும் இரவில் அணைக்கும் கணினி பல நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதாக அது சொல்லும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள ஓர் இரவு போதும்.

ஈரோடு_இளங்கோ
அந்தக் கடைசி வாக்கியம் இல்லாமலும் இந்த விளக்கம் நன்றாகத்தான் இருந்திருக்கும், கடம்பன்.

நெல்லை_லினக்ஸ்
எளிய வழி ஒன்று இருக்கிறது. பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற வேறோர் இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, சி டிரைவைத் திறந்து அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். விண்டோஸ் ஓடாதபோது அதைத் தடுக்க யாரும் இல்லை.

பொறுமைசாலி
நெல்லையாரே, தேர்வுக்கு முந்தைய நாளில் இந்த யோசனை வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்த பிறகு லினக்ஸ் உள்ளே வந்தால், சி டிரைவை 'உறங்கும் நிலையில் இருக்கிறது' என்று கருதி எழுத அனுமதிக்காமல், படிப்பதற்கு மட்டுமே திறக்கும். அதையும் மீறி அழித்தாலும், அம்சம் இயக்கத்தில் இருக்கும்வரை விண்டோஸ் அந்தக் கோப்பை மறுபடியும் உருவாக்கிவிடும்.

அம்மா, இடம் உண்மையிலேயே தேவை என்றால் கோப்பை அழிக்க முயலாமல், அந்த வசதியையே நிறுத்துங்கள். கோப்பு தானாகப் போய்விடும். கமாண்ட் பிராம்ப்ட்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறந்து, பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் என்று தட்டச்சு செய்து எண்டர் விசையை அழுத்துங்கள். ஆங்கில எழுத்துகளில்தான் இட வேண்டும்: பவர் என்ற சொல்லையடுத்து இடைவெளியில்லாமல் சி, எஃப், ஜி, பிறகு ஓர் இடைவெளி, சாய்வுக்கோடு, எச், மறுபடியும் ஓர் இடைவெளி, ஆஃப். வெற்றி பெற்றால் எந்தச் செய்தியும் வராது, அடுத்த வரி மட்டும் தோன்றும். எப்போது வேண்டுமானாலும் ஆஃப் என்பதற்குப் பதிலாக ஆன் என்று கொடுத்துத் திரும்பப் பெறலாம்.

சுத்தம்_சோறு_போடும்
வைரஸ் இல்லை என்றாலும் நிறுத்திவிடுவதுதான் சரி. தினமும் இத்தனை ஜிபியை எழுதி எழுதியே எஸ்எஸ்டியின் ஆயுள் தேய்ந்துபோகும்.

ஈரோடு_இளங்கோ
கணக்குப் போட்டுப் பார்ப்போமே. தினமும் 2 ஜிபி எழுதுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 730 ஜிபிதான் ஆகிறது. 120 ஜிபி அளவிலான விலை குறைந்த எஸ்எஸ்டிகளிலேயே 40 டிபி (ஏறத்தாழ 40,000 ஜிபி) எழுதும்வரை தாங்கும் என்று உற்பத்தியாளர் அறிவிப்பவை உண்டு. அந்தக் கணக்கில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தக் கணினியே இருக்காது. அதுவுமல்லாமல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில் ரேம் முழுவதும் எழுதப்படுவதில்லை.

மின்வெட்டு_மாணிக்கம்
எல்லோரும் நிறுத்து நிறுத்து என்கிறீர்கள், அதில் இழப்பு என்ன என்று ஒருவரும் சொல்லவில்லையே. மேசைக் கணினிகளில் ஸ்லீப் கொடுக்கும்போது பெரும்பாலும் ஹைப்ரிட் ஸ்லீப் என்ற முறைதான் இயங்கும். ரேமிலும் தகவல் இருக்கும், இதே கோப்பிலும் ஒரு படி இருக்கும். மின்சாரம் போனாலும் வேலை போகாது. பவர்சிஎஃப்ஜி ஆணையைக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடும். எங்கள் பகுதியில் முன்னறிவிப்பின்றி மின்சாரம் போவது வழக்கம் என்பதால், நான் 6 ஜிபி என்ன, 10 ஜிபி கேட்டாலும் கொடுப்பேன்.

கணினிக்_கடம்பன்
யுபிஎஸ் என்று ஒரு பொருள் விற்கிறது, மாணிக்கம்.

மின்வெட்டு_மாணிக்கம்
என்னிடமும் இருக்கிறது, பேட்டரி மாற்றி இரண்டு ஆண்டுகளாகிவிட்டதால் திரையும் கணினியும் சேர்ந்து ஓடினால் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. யுபிஎஸ் என்பது முறையாக அணைத்து முடிப்பதற்கான அவகாசத்தைத் தருவது. ஸ்லீப்பில் விட்டுவிட்டு வெளியே போனவர்களுக்கு அது எப்படி உதவும்?

ஈரோடு_இளங்கோ
கேட்டவர் இரவில் ஷட் டவுன் செய்கிறவராகத் தெரிகிறது. ஸ்லீப்பில் விடும் பழக்கம் இருந்தால்தானே மாணிக்கம் சொல்வது அவருக்குப் பொருந்தும்?

பொறுமைசாலி
மாணிக்கம் சொன்னதை மறுக்க முடியாது, நான் முதலிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டிய செய்திதான் அது. நடுவழி ஒன்றும் உண்டு: பவர்சிஎஃப்ஜி /எச் /டைப் ரெட்யூஸ்ட் என்று கொடுத்தால் கோப்பு ரேமின் 20 விழுக்காடாக, அதாவது ஏறத்தாழ 3.2 ஜிபியாகச் சுருங்கும். வேகமாகத் தொடங்கும் வசதி நிலைக்கும், ஆனால் முழு ஹைபர்னேஷனும், மாணிக்கம் சொன்ன ஹைப்ரிட் ஸ்லீப்பும் போய்விடும். ஆனால் 111 ஜிபியில் 107 ஜிபி நிறைந்திருக்கும் கணினிக்கு இந்த ஒரு கோப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று சென்று, தற்காலிகக் கோப்புகளில் 'முந்தைய விண்டோஸ் நிறுவல்' என்று ஏதேனும் இருக்கிறதா, டவுன்லோட்ஸ் கோப்புறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். அம்மா, இரவில் கணினியை ஷட் டவுன் செய்கிறீர்களா, ஸ்லீப்பில் விடுகிறீர்களா?

சுத்தம்_சோறு_போடும்
எதற்கும் ஒருமுறை வைரஸ் சோதனையும் நடத்திவிடுங்கள்.

வாசுகி_தஞ்சை
ஆஃப் கொடுத்தோம், கோப்பு மறைந்துவிட்டது. இப்போது பத்து ஜிபிக்குச் சற்றுக் கூடுதலாக இடம் காட்டுகிறது. கணினி தொடங்கச் சற்று நேரம் பிடிக்கிறது, பரவாயில்லை. அந்த மறைப்பு அமைப்பையும் பழையபடி மாற்றிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

பொறுமைசாலி
மகிழ்ச்சி. ஸ்டோரேஜ் பகுதியில் என்ன காட்டியது என்பதையும் நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். இல்லையென்றால் சில மாதங்களில் அதே எச்சரிக்கை மறுபடியும் வரும்.

கரூர்_பழைய_கணினி
இந்த உரையாடலைத் தேடி வந்து படித்தேன். என்னிடம் இருப்பது விண்டோஸ் 7, ரேம் 4 ஜிபி, ஆனால் ஹைபர்ஃபில்.சிஸ் 3 ஜிபி காட்டுகிறது. 40 விழுக்காட்டுக் கணக்கில் 1.6 ஜிபிதானே வர வேண்டும்? அப்படியானால் என் கணினியில் இருப்பது வேறு ஏதாவதா?

கணினிக்_கடம்பன்
இல்லை. விண்டோஸ் 7 ரேமில் 75 விழுக்காட்டை ஒதுக்கும், ஆகவே 3 ஜிபி என்பது மிகச் சரியான அளவு. பவர்சிஎஃப்ஜி /எச் /சைஸ் 50 என்று கொடுத்தால் ரேமில் பாதியாக, 2 ஜிபியாகக் குறையும். அதற்குக் கீழே அந்தப் பதிப்பு இறங்காது. பெயரையும் அளவையும் ரேமையும் முதல் வரியிலேயே சொன்னதற்கு நன்றி.