லீட்ஸுக்கு ஓர் இரங்கல் கார்டு

முத்து: செல்வி அக்காவின் மாமியார் முந்தாநாள் இரவு தவறிவிட்டாராம். இப்போதுதான் அக்கா இங்கிலாந்திலிருந்து பேசினாள்.

கோமதி அத்தை: ஐயோ

கோமதி அத்தை: போன வாரம் ‘கம்ஃபர்டபிளா இருக்காங்க’ என்றுதானே எழுதியிருந்தாள்? தேறிவிட்டார் என்று நெல்லையப்பருக்கு அர்ச்சனைகூடச் செய்தேனே.

செல்வி: அத்தை, ஹாஸ்பிஸில் நர்ஸ் ‘வீ ஆர் கீப்பிங் ஹர் கம்ஃபர்டபிள்’ என்றால் இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

மீனா: ஆர்ஐபி 🙏

பார்வதி: மீனா, சம்பந்தியம்மாவுக்கு மூன்றே எழுத்தா?

மீனா: கையெல்லாம் மாவு சித்தி

பெரியப்பா: ஹாஸ்பிஸ் என்பது சாதாரண ஆஸ்பத்திரி அல்ல. 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். முதலில் நர்ஸ், அப்புறம் ஆஸ்பத்திரியில் சமூகப் பணி, அதற்கும் பிறகு படித்து டாக்டர் ஆனவர். கடைசிக் கால வலி உடம்போடு நிற்பதில்லை, மனசு, குடும்பக் கவலை எல்லாம் சேர்ந்தது என்பார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘டோட்டல் பெயின்’. இதில் கவனிக்க வேண்டியது

முத்து: பெரியப்பா, அப்புறம்.

பெரியப்பா: சரி. மாப்பிள்ளைக்கு இங்கிலீஷில் முறையாக நான் எழுதித் தருகிறேன்.

சுப்பு சித்தப்பா: கல்யாணத்துக்கு வராத அண்ணன் இரங்கலுக்கு முதல் ஆளா

கோமதி அத்தை: சுப்பு, சும்மா இரு.

பெரியப்பா: ‘வீ ஆர் டீப்லி க்ரீவ்ட் டு லேர்ன் ஆஃப் தி சேட் டிமைஸ் ஆஃப் யுவர் பிலவ்ட் மதர். மே தி ஆல்மைட்டி கிவ் யூ தி ஸ்ட்ரெங்த் டு பேர் திஸ் இர்ரெப்பரபிள் லாஸ். கைண்ட்லி பி ப்ரேவ்.’

முத்து: ‘டூ தி நீட்ஃபுல்’ விட்டுப்போச்சே 😀

செல்வி: முத்து! பெரியப்பா, இங்கே பேச்சில் யாரும் ‘டிமைஸ்’ சொல்வதில்லை. ‘ஐம் சோ சாரி அபவுட் யுவர் மம்’, ‘திங்கிங் ஆஃப் யூ போத்’, அவ்வளவுதான். உங்கள் மாப்பிள்ளை பீட்டர் சர்ச்சுக்குப் போகாதவர், ஆல்மைட்டி வேண்டாம். ‘பி ப்ரேவ்’ வேண்டாம். ‘அட் லீஸ்ட் ஷி டிடன்ட் சஃபர்’ வேண்டவே வேண்டாம். நேற்று ஒருவர் போனில் அப்படிச் சொன்னதும் பீட்டர் ‘தேங்க்ஸ்’ என்று வைத்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினார்.

செல்வி: ‘லெட் மி நோ இஃப் யூ நீட் எனிதிங்’ என்று ஆள் ஆளுக்கு அனுப்புகிறார்கள். என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்ல வேண்டிய வேலை நமக்கு. பக்கத்து வீட்டுப் பாட்டி எதுவும் கேட்காமல் வாசலில் லசான்யா வைத்துவிட்டுப் போனார். மூடிமேல் சீட்டு: ‘180 டிகிரி, 40 நிமிடம். ட்ரேயைத் திருப்பித் தர வேண்டாம்.’ பீட்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

பார்வதி: லசான்யா என்றால்?

மீனா: சப்பாத்தி அடுக்கு மாதிரி சித்தி, சீஸ் போட்டது

சுப்பு சித்தப்பா: சாவு வீட்டில் அடுப்பு மூட்டலாமா

பெரியப்பா: அங்கே தகனத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். 5 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், தகன மேடையில் தேதி கிடைக்க வேண்டும். அதுவரை பட்டினியா கிடப்பார்கள்?

கோமதி அத்தை: மூன்று வாரமா! நமக்குத் தீட்டு உண்டா? ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்திருக்கிறேன்.

சுப்பு சித்தப்பா: பால் காய்ச்சுமுன் என் அண்டாவைக் கொடுத்துவிடு அக்கா

கோமதி அத்தை: எந்த அண்டா?

பார்வதி: இப்போது அண்டா பேச்சு வேண்டாம். செல்வி, மறுவீட்டில் அவர் சொதி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டதை எழுதலாமா? இஞ்சிப் பச்சடியை இனிப்பு என்று நினைத்து ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு ‘லவ்லி, லவ்லி’ என்றாரே.

செல்வி: அம்மா, அதுதான் வேண்டும். தமிழிலேயே அனுப்பு, நான் கார்டில் எழுதிக்கொள்கிறேன். இங்கே தபாலில் வரும் கார்டை அலமாரி மேல் வரிசையாக வைப்பார்கள்.

பெரியப்பா: இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லையே.

மீனா: நான் அன்றைக்கே சொன்னேன் அப்பா. நீங்கள்தான் எழுந்து போய்விட்டீர்கள்.

பெரியப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: முடிவில் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ போடலாமா?

செல்வி: ‘வித் லவ்’ போதும் பெரியப்பா. உங்கள் பெயரை முதலில் எழுதுகிறேன்.

முத்து: பூ அனுப்பணுமா அக்கா?

செல்வி: ‘ஃபேமிலி ஃப்ளவர்ஸ் ஒன்லி’ என்று அறிவிப்பில் போடப்போகிறார்கள். மற்றவர்கள் ஹாஸ்பிஸுக்கு நன்கொடை கொடுக்கலாம்.

கோமதி அத்தை: நாம் ஃபேமிலியா, மற்றவர்களா?

மீனா: சம்பந்தி வீடு ஃபேமிலிதானே

சுப்பு சித்தப்பா: பவுண்டில் எவ்வளவு வரும்

பெரியப்பா: நான் தனியாக அனுப்பிவிடுகிறேன்.

பார்வதி: தனியாக எல்லாம் வேண்டாம், ஒன்றாகவே போகட்டும்.

முத்து: அத்தானிடமே கேளேன் அக்கா.

செல்வி: இப்போதுதான் கண்ணசந்தார். எழுந்ததும் பார்க்கிறேன்.

கோமதி அத்தை: சரி, எழுப்பாதே. முத்து, இன்று சிலிண்டர் வருமா?

முத்து: வந்துவிட்டுப் போய்விட்டான் அத்தை. நீங்கள் போனை எடுக்கவில்லையாம்.