ஆயிரம் பவுண்டு ஆல்ஃப் காமன்

கேள்வி: 1905-இல் சண்டர்லேண்ட் கிளப்பிலிருந்து மிடில்ஸ்பரோ கிளப்புக்குப் போன இங்கிலாந்து கால்பந்து ஆட்டக்காரர் ஆல்ஃப் காமனுக்கு 1000 பவுண்டு கொடுத்தார்களாமே, அது அவர் கைக்கா போனது?

பதில்: இல்லைங்க, அவரை விற்ற சண்டர்லேண்ட் கிளப்புக்கு. அப்போது ஆட்டக்காரருக்குச் சம்பளம் வாரம் 4 பவுண்டுதான் உச்சவரம்பு. லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனிலிருந்து இறங்கிவிடுவோமோ என்ற பயத்தில் மிடில்ஸ்பரோ வாங்கியது. முதல் ஆட்டமே ஷெஃபீல்ட் யுனைடெட் மைதானத்தில். அது அவருடைய பழைய அணி! 1902 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர்களுக்காக கோல் போட்டவர், அங்கேயே போய் பெனால்டி அடித்து 1-0 என்று கவிழ்த்தார். மிடில்ஸ்பரோ வெளியூரில் ஜெயித்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்னைக் கேட்டால், அந்த ஒரு கோலிலேயே பாதிக் காசு வசூல்.

கேட்டவர்: சரி, அப்புறம்?

இன்னொருவர்: 1910-இல் உல்விச் ஆர்சனல் கிளப், பிறகு பிரெஸ்டன் கிளப். ஆட்டத்தை விட்டபின் டார்லிங்டனில் மதுக்கடை நடத்தினார்.