நன்கொடை ஓட்டம் திருகோணமலைக்குத் தேவையா?

உவர்மலையான்:
நகரத்தில் ஒரு இளைஞர் கழகம் 10 கிலோமீற்றர் நன்கொடை ஓட்டம் நடத்த யோசிக்கிறது. உட்துறைமுக வீதியில் தொடங்கி உப்புவெளிப் பக்கம் போய்த் திரும்புவதாம். ஆளுக்கு 2,000 ரூபா, செலவு போக மிஞ்சுவது வைத்தியசாலையின் சிறுவர் வார்டுக்கு. மிஞ்சினால்தானே கொடுப்பது? ரீ-சேட், பதக்கம், பந்தல், ஒலிபெருக்கி, பிரதம விருந்தினருக்கு மாலை எல்லாம் போன பிறகு என்ன இருக்கும்? அந்த 2,000 ரூபாவை நேரே மருந்துக்குக் கொடுங்கள். ஓட விருப்பமென்றால் டச்சுக் குடாக் கடற்கரை சும்மாதானே கிடக்கிறது.

கடலோரக்காரி:
அண்ணை, நேரே கேட்டால் எத்தனை பேர் 2,000 ரூபா தருவார்கள்? உண்டியல் கொண்டு வருபவரைக் கண்டால் கதவைச் சாத்துகிற ஊர் இது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள், 670 கிலோமீற்றர் நடந்தார்களே, ‘ட்ரெயில்’ நடை. தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அதில்தான் காசு சேர்ந்தது. ஆட்கள் நடப்பதைக் கண்ணால் கண்ட சனம் கொடுத்தது. வெறும் வேண்டுகோள் விட்டிருந்தால் அந்தக் கட்டடம் வந்திருக்குமா?

இன்னொன்றும் இருக்கிறது. விடியப்புறம் தனியாக ஓடப் போகும் பெண்ணை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியாது. இப்படி ஒரு ஓட்டம் வருகிறது என்றால், இரண்டு மாதத்துக்கு நாலைந்து பேர் சேர்ந்து பயிற்சிக்குப் போக ஒரு காரணம் கிடைக்கும். வீட்டிலும் மறுபேச்சு இருக்காது. அந்தப் பயன் உங்கள் கணக்கில் எங்கே வருகிறது?

உவர்மலையான்:
பெண்கள் சேர்ந்து ஓடுவதை நான் மறிக்கவில்லை தங்கச்சி. ஆனால் ட்ரெயிலை இதோடு ஒப்பிடாதீர்கள், அது நாட்டையே நடந்து கடந்த காரியம். கனடாவில் டெரி ஃபொக்ஸ் என்ற இளைஞர் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க 1980இல் ஒரு செயற்கைக் காலோடு 143 நாட்கள் ஓடினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால்தான் நிறுத்தினார். அடுத்த பெப்ரவரிக்குள் 2 கோடியே 40 இலட்சம் டொலர் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் அவர் பெயரில் நடக்கும் ஓட்டங்களில் முதலாம் இடம், இரண்டாம் இடம் கிடையாது. நம் ஆட்களோ முதலில் பேசுவது பரிசைப் பற்றி, அப்புறம் பதாகையில் யார் படம் பெரிதாக வரும் என்பதைப் பற்றி.

கிண்ணியா ஓட்டக்காரன்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எங்கள் பக்கத்தில் வெறுங்காலோடு நன்றாக ஓடுகிற பொடியன்கள் இருக்கிறார்கள். 2,000 ரூபா கேட்டால் அவர்கள் வரமாட்டார்கள். வசதியானவர்கள் ஓட, ஏழைப் பொடியன் வீதியோரம் நின்று கைதட்டுவதா ஊர் ஓட்டம்? 2004இல் லண்டனில் ஒரு பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியதுதான் பார்க்ரன். சனிக்கிழமை காலை, 5 கிலோமீற்றர், கட்டணம் இல்லை. நேரம் குறிப்பதும் வழி காட்டுவதும் தொண்டர்கள். இங்கேயும் கட்டணத்தை எடுத்துவிட்டு விரும்பியவர் விரும்பியதைக் கொடுக்கட்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் வந்த பிறகு பாதைப் படகுக்குக் காத்திருக்கும் தொல்லை இல்லை. ஆனால் அந்த நேரத்துக்கு பஸ் வேண்டுமே, அதையும் யோசியுங்கள்.

கடலோரக்காரி:
கட்டணமே இல்லை என்றால் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் எழும்ப மாட்டார்கள். தண்ணீர் வாங்கி வைத்த கழகம் என்ன செய்வது? மாணவர்களுக்கு இலவசம், சம்பளம் எடுப்பவருக்குக் கட்டணம் என்று வைக்கலாம்.

மான்களின் அயலவன்:
காசுச் சண்டை நடக்கட்டும். எனக்கு வேறு பயம். கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் திரியும் புள்ளிமான்கள் ஏற்கனவே குப்பையில் கிடக்கும் பொலித்தீனைத் தின்கின்றன. வயிற்றுக்குள் அது திரண்டு இரை இறங்காமல் செத்த மான்களைப் பற்றிச் செய்தி வந்தும் நாங்கள் திருந்தவில்லை. ஓட்டக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு வீசும் பிளாஸ்டிக் குவளை வீதி நெடுகக் கிடக்கும். காற்று அடித்தால் அத்தனையும் கடலுக்குள். குழந்தைகளுக்கு உதவுகிறோம் என்று மானைக் கொல்வது என்ன தர்மம்? தண்ணீர் வைக்கும் இடத்தில் பெரிய பானையும் எவர்சில்வர் குவளையும் வையுங்கள். நின்று குடித்துவிட்டுப் போகட்டும். ஒரு நிமிடம் பிந்தினால் உலகச் சாதனை ஒன்றும் போய்விடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் சாக்கோடு நாலு பேர் நடந்து வரவும் வேண்டும். ஓட முடியாதவர்களுக்கு அதுவே நல்ல வேலை.

ஓய்வுபெற்ற தாதி:
சாக்கோடு நடக்க நான் வருகிறேன். நேரத்தைப் பற்றி யாராவது கதைத்தீர்களா? ஆறு மணியை ஒட்டி விடிகிறது, எட்டு மணிக்கெல்லாம் தார் சுடத் தொடங்கும். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடும், உடம்பு நீர் இழப்பதே தெரியாது. பிரதம விருந்தினர் வரும் வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்ததால் ஓட்டம் தொடங்கும் முன்பே மயங்கி விழுந்ததை ஒரு நிகழ்வில் பார்த்திருக்கிறேன். ஐந்தரைக்கு விட்டுவிடுங்கள், பேச்சை முடிவில் வையுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தாலும் இரத்தத்தில் உப்புக் குறையும், அதனால் ஜீவனி என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலும் இருக்கட்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸை நம்பி மட்டும் இருக்காமல் முடிவிடத்தில் முதலுதவி தெரிந்த ஆட்களை நிறுத்துங்கள். புதிதாக ஓடுபவருக்கு 10 எதற்கு? ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பழகி 5 கிலோமீற்றர் வரட்டும்.

உவர்மலையான்:
அக்கா சொன்ன விருந்தினர் கதைதான் எனக்கு எரிச்சல். சரி, மூன்று விஷயம் செய்தால் நான் எதிர்ப்பை விடுகிறேன். ரீ-சேட் வேண்டியவர் தனியாக வாங்கட்டும். வரவு செலவை ஒரு வாரத்துக்குள் பற்றுச்சீட்டுகளோடு எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டட்டும். வார்டுக்கு என்ன தேவை என்று வைத்தியசாலையில் முதலே கேட்கட்டும். பிறகு தேவையில்லாத பொருளை வாங்கிக் கொடுத்துப் படம் எடுக்கக் கூடாது.

கடலோரக்காரி:
மூன்றும் நியாயம். ஆனால் ரீ-சேட் இல்லாமல் அனுசரணை கிடைக்காது, கடைக்காரர் பெயரை எங்கே போடுவது?

கிண்ணியா ஓட்டக்காரன்:
தண்ணீர்ப் பானையில் போடுங்கள்.

உவர்மலையான்:
பானையில் போட ஒத்துக்கொள்ளும் கடைக்காரர் யாரென்று எனக்கும் சொல்லுங்கள், இனி அங்கேதான் சாமான் வாங்குவேன். கட்டணம் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் கூட்டத்துக்கு வந்து அதையும் சொல்வேன்.